ஐந்தாம் நம்பர் பஸ்ஸும் என் ஒட்டுறவுக் கணக்கும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்ற அன்று பொன்னாடை போர்த்தி, நான் கண்டுபிடித்த தப்புகளைப் பற்றி ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசினார்கள். நான் செய்த தப்புகளை யாரும் சொல்லவில்லை. மேடையில் அதைச் சொல்வது மரியாதையும் இல்லை. உங்களிடம் பேசும்போது எனக்கு அந்தச் சங்கடம் கிடையாது. லேபில் புதிதாக உட்கார்ந்திருக்கிறீர்கள், ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருக்கிறது, எதை எதோடு சேர்த்தாலும் ஒரு நொடியில் விடை வந்து நிற்கிறது. அதனால் இந்த ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இதில் தப்பும் என்னுடையது, ஜெயித்ததில் பாதியும் என்னுடையது.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய வெளிநாட்டு ஆர்டர் வந்திருந்தது. ஆண்கள் போடும் தோல் ஷூ. முதல் லாட் போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரமே புகார் வந்தது: சோல் பிரிகிறது. ஷூவுக்கு இதைவிட அவமானம் வேறில்லை. அடுத்த லாட்டைப் பார்க்க அவர்களுடைய இன்ஸ்பெக்டரே நேரில் வருவதாகவும், அப்போதும் பிரிந்தால் ஆர்டர் மொத்தமும் ரத்து என்றும் எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஜெனரல் மேனேஜர் இம்தியாஸ் சார் வாணியம்பாடிக்காரர். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், இன்னும் மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு மிக மெதுவாகப் பேசினார்.

"மேடம், எங்கே தப்பு நடக்குதுன்னு எனக்கு ஒரே ஒரு பேப்பர்ல வேணும். திங்கட்கிழமை காலைல."

சோல் ஒட்டும் பிரிவில் அப்போது ஐந்து டேபிள்கள். ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒரே டேபிளில் உட்காருவார்கள். பஸ் தாமதமானால் ஒரு டேபிள்தான் நிற்கும், மற்றவை ஓடும் என்பதற்காக சூப்பர்வைசர்கள் செய்த ஏற்பாடு அது. கம்பெனி பஸ்களுக்கு நம்பர் உண்டு. ஆம்பூர் டவுன் ஒன்று, வாணியம்பாடி இரண்டு, பேரணாம்பட்டு மூன்று, ஆலங்காயம் நான்கு, ஒடுகத்தூர் ஐந்து. எந்த ரூட் முதலில் தொடங்கியதோ அதற்கு ஒன்று, அப்படியே வரிசையாக. டேபிள்களுக்கும் அதே நம்பரைத்தான் போட்டிருந்தோம்.

ஒவ்வொரு டேபிளிலிருந்தும் நூறு ஷூவை எடுத்து, சோலை மெஷினில் மாட்டி இழுத்துப் பார்த்தோம். பிரிந்தவை: ஆம்பூரில் இரண்டு, வாணியம்பாடியில் மூன்று, பேரணாம்பட்டில் மூன்று, ஆலங்காயத்தில் நான்கு, ஒடுகத்தூரில் ஒன்பது.

ஒரு பத்தியில் பஸ் நம்பர், பக்கத்துப் பத்தியில் பிரிந்த எண்ணிக்கை. நான் வேலூரில் புள்ளியியல் படித்தவள். ஒட்டுறவுக் கெழு என்றால் என்ன என்று அரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இது ஏறும்போது அதுவும் ஏறுகிறதா என்று இரண்டு பத்திகளையும் சேர்த்து கோரிலேஷன், அதாவது ஒட்டுறவு, பார்த்தேன். 0.85 வந்தது. ஒன்று வந்தால் முழுப் பொருத்தம். அதற்கு இவ்வளவு பக்கத்தில் எங்கள் தொழிற்சாலையில் எந்தக் கணக்கும் அதுவரை வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒரே பேப்பரில் தடித்த எழுத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இம்தியாஸ் சார் அதை இரண்டு முறை படித்தார்.

"அதாவது, பஸ் நம்பர் ஏற ஏற வேலை மோசமாகுது."

"எண்கள் அப்படித்தான் சார் காட்டுது."

"தூரத்துல இருந்து வர்றவங்க. புதுசா சேர்ந்தவங்க. களைச்சுப் போய் வர்றாங்க, கை ஓடல." அவரே காரணத்தையும் சொல்லி முடித்துவிட்டார். "நாலு, அஞ்சு ரெண்டு பஸ்ஸையும் நிறுத்திடலாம். வெள்ளிக்கிழமை அவங்களுக்குச் சொல்லிடுவோம்."

இரண்டு பஸ்ஸிலும் சேர்த்து நாற்பத்திரண்டு பெண்கள். பஸ் நின்றால் அவர்கள் வேலையும் போய்விடும். ஆலங்காயத்துக்காரர்கள் வாணியம்பாடிக்காரர்களைவிட நூறுக்கு ஒரே ஒரு ஷூதான் அதிகமாக விட்டிருந்தார்கள். ஆனாலும் அந்த 0.85 அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. எனக்கு உறுத்தியது. ஆனால் நான் பேசவில்லை. என் பேப்பரை எதிர்த்து நானே எப்படிப் பேசுவது?

செவ்வாய்க்கிழமைக்குள் செய்தி கசிந்துவிட்டது. கேன்டீனில் ஐந்தாம் நம்பர் பஸ்காரர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அன்று மதியம் ஹாலில் யாரோ ஒரு ஷூவைக் கீழே தவறவிட்டபோது, "அது ஒடுகத்தூர் கை" என்று ஒரு ஆம்பூர்ப் பெண் சொல்ல, நாலு பேர் சிரித்தது என் காதில் விழுந்தது. என் பேப்பர் பேச ஆரம்பித்துவிட்டது என்று தெரிந்தது.

புதன்கிழமை காலை போக்குவரத்துப் பிரிவிலிருந்து புதுப் பட்டியல் ஒன்று வந்தது. பஸ் கான்ட்ராக்டர் மாறிவிட்டார். காலையில் எந்த பஸ் முதலில் கிளம்புகிறதோ அதற்கு ஒன்று என்று நம்பரை மாற்றியிருந்தார்கள். ஒடுகத்தூர் பஸ்தான் விடிவதற்கு முன்பே கிளம்புகிறது. அதற்கு ஒன்று. ஆலங்காயம் இரண்டு, பேரணாம்பட்டு மூன்று, வாணியம்பாடி நான்கு, ஆம்பூர் டவுன் ஐந்து. நான் பட்டியலை வழக்கம்போல என் கோப்பில் ஏற்றினேன். நம்பர்கள் தானாக மாறின. கீழே இருந்த விடையும் மாறியது.

மைனஸ் 0.85.

எங்கோ தப்பாக அடித்துவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். தப்பில்லை. அதே பெண்கள், அதே பசை, பிரிந்ததும் அதே இருபத்தொரு ஷூ. கான்ட்ராக்டர் மாறியதற்காக உலகம் தலைகீழாகிவிட்டது. இந்தப் பட்டியல் மூன்று நாள் முன்னால் வந்திருந்தால், "நம்பர் ஏற ஏற வேலை நன்றாகிறது" என்று தடித்த எழுத்தில் கொடுத்திருப்பேன்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். ஊர்களை அகர வரிசையில் வைத்தேன்: ஆம்பூர், ஆலங்காயம், ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி. ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்டேன். விடை கிட்டத்தட்ட பூஜ்யம். எந்தச் சம்பந்தமும் இல்லையாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒட்டுறவுக் கெழு என்ன செய்கிறது? ஒவ்வொரு மதிப்பும் தன் சராசரியிலிருந்து எவ்வளவு மேலே இருக்கிறது, எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளக்கிறது. பிறகு, இது மேலே போகும்போது அதுவும் மேலே போகிறதா என்று பார்க்கிறது. என்னுடைய பஸ் நம்பர்களின் சராசரி மூன்று. மூன்று என்றால் பேரணாம்பட்டு. ஐந்து ஊர்களைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் பேரணாம்பட்டு வரும் என்று கம்ப்யூட்டர் என்னிடம் சொல்லியிருக்கிறது, படித்த பெண்மணி நானும் தலையாட்டியிருக்கிறேன். ஊருக்கு ஏது மேலே, கீழே? ஆலங்காயத்திலிருந்து இரண்டைக் கழித்தால் வாணியம்பாடி வருமா? அங்கே இருந்த ஐந்து என்பது எண்ணை உடுத்திக்கொண்ட ஒரு பெயர். பெயரைக் கூட்ட முடியாது, பெயருக்குச் சராசரி கிடையாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் நான்.

நேராக இம்தியாஸ் சார் அறைக்குப் போனேன். போகிற வழியில் எத்தனையோ வாக்கியங்களைத் தயார் செய்தேன். கடைசியில் ஒன்றுதான் வாயில் வந்தது.

"சார், நான் கொடுத்த எண் தப்பு. அதை வெச்சு யாரையும் அனுப்பாதீங்க."

"கூட்டல்ல தப்பா?"

"கூட்டல் சரி. கூட்டவே கூடாததைக் கூட்டிட்டேன்."

அவர் முகம் மாறவில்லை. ஐந்து சீட்டுகளில் ஊர்ப் பெயரை எழுதி மேஜைமேல் வைத்தேன். "உங்க இஷ்டத்துக்கு இதுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போடுங்க சார்" என்றேன். ஏதோ விளையாட்டு என்று நினைத்தவர் வாணியம்பாடிக்கு ஒன்று போட்டார். சொந்த ஊர். மற்றதற்கும் போட்டார். லேப்டாப்பில் அடித்துக் காட்டினேன், ஒரு விடை வந்தது. "இப்போ வேற மாதிரி போடுங்க." வேறு விடை. மூன்றாவது முறை அவரே சீட்டுகளைக் கலைத்துப் போட்டார். மறுபடி வேறு விடை. பேனாவை மூடி வைத்தார்.

"அப்போ நான் போடற நம்பரைப் பொறுத்து இவங்க நல்லவங்க, கெட்டவங்களா?"

"அதேதான் சார் நான் பண்ணியிருக்கேன்."

சீட்டுகளை ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்: "ஆனா ஒன்பது ஒன்பதுதானே மேடம்? நம்பரை எப்படி மாத்தினாலும் அஞ்சாவது டேபிள்ல ஜாஸ்தி பிரியுது. அது பொய் இல்லையே?"

அந்தக் கேள்விக்காகவே அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஒட்டுறவு பொய் என்றால் பிரச்சினையே பொய் என்று ஆகிவிடாது. ஊர் மாதிரி வகைகளை வைத்துக்கொண்டு கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. இந்தக் குழுவுக்கும் அந்தக் குழுவுக்கும் வித்தியாசம் உண்டா என்று நேரடியாக ஒப்பிடலாம், அதற்குக் கைவர்க்கச் சோதனை, அதாவது கை-ஸ்கொயர் டெஸ்ட், இருக்கிறது. ஐந்தாவது டேபிளை மற்ற நாலோடும் ஒப்பிட்டால் வித்தியாசம் இருந்தது. ஏன் என்றுதான் தெரியாது.

"உண்மை சார். ஆனா காரணம் ஊரா, டேபிளான்னு தெரியல. ஏறி இறங்கற ஏதாவது ஒண்ணை நான் அளந்து காட்டறேன். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் டைம் கொடுங்க."

"இன்னாத்தை அளப்பீங்க?"

"இன்னும் தெரியாது சார்."

"பேஜார் பண்றீங்க மேடம்" என்றார். ஆனால் டைம் கொடுத்தார்.

ஐந்தாவது டேபிளுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. டேபிளின் லீடர் வசந்தா, ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருபவர், நாற்பது வயதிருக்கும். தலை நிமிராமல் வேலை செய்துகொண்டே கேட்டார்.

"எங்களை இன்னா கணக்குல மேடம் கெட்டவங்கன்னு போட்டீங்க?"

"தப்பான கணக்குல போட்டுட்டேன் வசந்தா. அதைச் சரி பண்ணத்தான் வந்திருக்கேன். எனக்குத் தெரியாதது ஏதாவது இங்க நடக்குதா?"

கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு வருடத்தில் நான் கேட்ட கேள்விகளில் நல்ல கேள்வி அதுதான். அதைக் கேட்க எனக்கு ஒரு தப்பு தேவைப்பட்டது.

"இதுவரைக்கும் யாரும் கேட்கல. மத்த டேபிளுக்கெல்லாம் பக்கத்துலயே சோலை அழுத்தற பிரஸ்ஸு இருக்குது. எங்களுக்கு ஹீட்டர் மட்டும்தான் கொடுத்தாங்க. சூடு பண்ணி, சோலைப் பொருத்தி, ட்ரேல வெக்கறோம். நாலு சேர்ந்தாத்தான் ட்ரேயை மத்த டேபிள் பிரஸ்ஸுக்கு எடுத்துட்டுப் போகணும்னு ரூல். அங்க போறதுக்குள்ள மொதல்ல வெச்சது ஆறிப் போகுது. தொட்டாலே தெரியும் மேடம்."

ஆர்டர் பெரிதானபோது அவசரமாகச் சேர்த்த டேபிள் அது. ஸ்டோர் ரூம் பக்கம் இடமிருந்தது, பிரஸ் இல்லை. பசை சூட்டில் இளகியிருக்கும்போதே அழுத்த வேண்டும், ஆறினால் பிடிக்காது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ட்ரேயில் முதலில் வைத்த ஷூ எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

விநாடி! ஏறும், இறங்கும். இருபது விநாடி என்பது பத்து விநாடியைப் போல இரண்டு மடங்கு. யார் அளந்தாலும் ஒன்றுதான், எந்தக் கான்ட்ராக்டர் மாறினாலும் மாறாது. அந்தப் பக்கம், சோலைப் பிரிக்க எத்தனை கிலோ விசை வேண்டியிருக்கிறது என்பதை இழுக்கும் மெஷின் காட்டும். அதுவும் எண், உண்மையான எண். முதல் தடவை நான் அந்தக் கிலோவைக்கூட எழுதவில்லை, பிரிந்ததா இல்லையா என்று மட்டும் எழுதியிருந்தேன்.

ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நின்றேன். ஹீட்டரை விட்டு வெளியே வந்ததிலிருந்து பிரஸ்ஸில் அழுத்தும் வரை எத்தனை விநாடி என்று ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு சீட்டில் எழுதிப் போட்டேன். மறுநாள் அதே ஷூக்களை மெஷினில் இழுத்தோம். ஷூவுக்கு ஒன்றாக நாற்பது புள்ளிகளை வரைபடத்தில் வைத்தபோது, விநாடி கூடி வலது பக்கம் போகப் போக, கிலோ குறைந்து படிக்கட்டில் இறங்குவது போல இறங்கின. ட்ரேயில் நான்காவதாக வைத்தது கெட்டியாகப் பிடித்திருந்தது. முதலாவதாக வைத்தது கையோடு வந்தது. அதே பெண், அதே கை, அதே ஊர். விநாடி மட்டும் வேறு. இந்த முறையும் ஒட்டுறவு பார்த்தேன். மைனஸ் ஒன்றை நெருங்கி நின்றது. இதை யாரும் கலைத்துப் போட்டு மாற்ற முடியாது, ஏனென்றால் விநாடிக்கு இஷ்டத்துக்கு நம்பர் போட முடியாது.

ஆனால் ஒரு தடவை சூடு பட்டவள் நான். வியாழக்கிழமை மதியம் இன்னொரு காரியம் செய்தேன். ஒன்றாவது டேபிளின் ஆம்பூர்ப் பெண்களை ஐந்தாவது டேபிளுக்கும், ஒடுகத்தூர்ப் பெண்களை ஒன்றாவது டேபிளுக்கும் மாற்றி உட்கார வைத்தேன். ஆம்பூர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

"இன்னா மேடம், எங்களை இந்த மூலைல கொண்டாந்து போட்டுட்டீங்க?"

"ஒரு அரை நாள்தாம்மா. உங்க கை ஓடறதைப் பார்க்கணும்."

மூன்று மணிக்குள் அவர்களே பிரஸ்ஸுக்குப் போய்வந்து சலித்துவிட்டார்கள். அன்று ஒடுகத்தூர்ப் பெண்கள் செய்ததில் நூறுக்கு ஒரே ஒரு ஷூதான் பிரிந்தது. ஐந்தாவது டேபிளில் ஆம்பூர்ப் பெண்கள் செய்ததில் பத்து. "ஒடுகத்தூர் கை" என்று சொன்ன அந்தப் பெண்ணே வசந்தாவிடம் வந்து, "இத்தனை மாசமா இதை வெச்சுக்கிட்டா ஓட்னீங்க?" என்று கேட்டதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை இம்தியாஸ் சாரிடம் இரண்டு பேப்பர்கள் வைத்தேன். ஒன்றில் நாற்பது புள்ளிகள், இன்னொன்றில் இடம் மாற்றிய கணக்கு. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு மெயின்டனன்ஸுக்குப் போன் போட்டார். அன்று அவர் குரல் நன்றாகவே உயர்ந்திருந்தது.

"ஸ்டோர்ல இருக்கற பழைய பிரஸ்ஸை ரெடி பண்ணுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள அஞ்சாவது டேபிள் பக்கத்துல நிக்கணும். அந்த ட்ரே ரூல் போட்டது யாரு? நான்தானா? சரி, அதை எடுத்துடுங்க."

பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு நேராக அந்த டேபிளுக்கு வந்தார். எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பஸ்ஸை நிறுத்தறதா ஒரு பேச்சு வந்துது. அது கிடையாது. உங்க கைல தப்பு இல்ல. நாங்க கொடுத்த இடம் தப்பு." அவர் முடித்ததும் நான் சொன்னேன், அந்தப் பேச்சுக்குக் காரணமான கணக்கு என்னுடையது என்று. சொல்லி முடித்ததும் நிம்மதியாக இருந்தது.

இப்போது உங்களுக்கு. உங்கள் கோப்புகளில் எண் உடுத்திய பெயர்கள் நிறைய வரும். மெஷின் நம்பர், லைன் நம்பர், சப்ளையர் கோட், தோலின் நிறத்துக்கு நாம் போட்ட கோட். இவற்றை ஒட்டுறவுக்குள் போட்டால் கம்ப்யூட்டர் மறுக்காது. தோலின் தரத்துக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போடுகிறோமே, அது வேறு வகை. அதில் வரிசை உண்டு, ஆனால் ஒன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள தூரமும் இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தூரமும் சமமா என்று யாருக்கும் தெரியாது. அதற்குத் தரவரிசை ஒட்டுறவு என்று தனி வழி இருக்கிறது. சந்தேகம் வந்தால் நான் செய்ததைச் செய்யுங்கள். நம்பரைக் கலைத்துப் போடுங்கள். அர்த்தம் கெடாமல் கலைத்துப் போட முடிகிறது என்றால் அது அளவு இல்லை. கலைத்தால் விடையும் கலைகிறதா, அந்தப் பேப்பரை மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? ஓடிப்போய்த் திரும்பக் கேளுங்கள். ஒரு மணி நேரம் வெட்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான மனிதர், சிரிக்க மாட்டார். எந்த டேபிள், எந்த ஊர் என்று எதுவும் கேட்காமல், பிரஸ் வந்த பிறகு செய்து கட்டி வைத்திருந்த பெட்டிகளை இஷ்டத்துக்குப் பிரித்து இருபது ஷூவை எடுத்துக்கொண்டார். இழுக்கும் மெஷினில் ஒவ்வொன்றாக மாட்டினோம். பத்தொன்பது ஷூ அவர்கள் கேட்ட வரம்பு வரை பிரியாமல் தாண்டியது. அவர் போதும் என்று சொல்லாமல், கடைசி ஷூவை மட்டும் வரம்பைத் தாண்டி இழுக்கச் சொன்னார். அதன் உள்ளே ஐந்தாவது டேபிளின் முத்திரை இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே வசந்தாவும் இன்னும் நாலு பேரும் நின்றிருந்தார்கள்.

முள் ஏறிக்கொண்டே போனது. படீரென்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது இன்ஸ்பெக்டர் ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த தோல் குறுக்காகக் கிழிந்திருந்தது. சோல் ஒட்டிய இடத்தில் அப்படியே இருந்தது, மயிரிழைகூட விலகவில்லை. தோல் தோற்றுப்போயிருந்தது, ஒட்டு தோற்கவில்லை. அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்து இம்தியாஸ் சாருக்குக் கை கொடுத்தார். வெளியே கைதட்டல் எழுந்து ஹால் முழுக்கப் பரவியது. ஆம்பூர் டேபிளும் எழுந்து நின்று தட்டியது.

சாயங்காலம் வசந்தா லேபுக்கு வந்தார்.

"மேடம், அந்தக் கிழிஞ்ச ஷூ உங்களுக்கு வேணுமா?"

"ரெக்கார்டுக்கு எடுத்து வெக்கணும். ஏன்?"

"ஒரு நாளைக்குக் குடுங்க. நாளைக்கு எடுத்தாந்துடறேன்."

இம்தியாஸ் சாரைக் கேட்டுவிட்டுக் கொடுத்தேன். கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒடுகத்தூர் பஸ் நின்றிருந்தது. வசந்தா ஏறியதும் ஷூவை முன் சீட்டில் கொடுத்தார். அது கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. ஒவ்வொருத்தியும் சோலைப் பிடித்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டு, வரவில்லை என்று சிரித்துக்கொண்டே அடுத்தவளிடம் கொடுத்தாள். பஸ் கிளம்பி, நெடுஞ்சாலையில் திரும்பி மறையும் வரைக்கும் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.